கொள்ளைநோயும் பழியேற்போரும்

கொள்ளைநோய் ஒரு நாட்டிற் புகுந்தவிடத்து மருத்துவர் கேட்கும் வினா, இந்நோய் எவ்வழி வந்தது என்பது. ஊரார் கேட்கும் வினா, இதனைக் கொணர்ந்தவர் யார் என்பது. இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோலத் தோன்றும். முதல் வினாவிற்கு விடை கிடைப்பின் நோயின் வழி அடைபடும். இரண்டாவதற்கு விடை கிடைப்பின் ஒருவரோ ஒரு கூட்டத்தாரோ பழியேற்பர். தமிழிலக்கியம் இவ்விரண்டாம் வினாவை எவ்வாறு கையாண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கியத்தில் நோய் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் மருந்து, உணவு, நம்பிக்கை என்பனவற்றைத் தொகுத்துக் காட்டுவதோடு அமைகின்றன. நோயுற்ற சமுதாயம் தன்னைத்தானே எவ்வாறு கூறுபடுத்திக்கொண்டது என்னும் சமூகவியல் நோக்கு அத்தொகுப்புகளில் அரிதாகவே காணப்படுகிறது.

கொள்ளைநோய் என்னும் சொல்லே முதற்கண் கருதத்தக்கது. கொள்ளை என்பதற்கு மிகுதி என்னும் பொருளும் உண்டு. பலரை ஒருங்கே கொண்டுசெல்வது பற்றி இப்பெயர் வந்தது எனலும் பொருந்தும். ஆயினும் மக்கள் மனத்தில் முன் நிற்பது சூறையாடல் என்னும் பொருளே. சூறையாடுவோன் புறத்திருந்து வருபவன். உள்ளதைப் பறித்துச் செல்பவன். நோயைச் சூறையாகக் கண்ட மொழி அதற்கு ஒரு கள்வனையும் எதிர்நோக்கும். இன்று பெருவழக்கிலுள்ள தொற்று என்னும் சொல்லின் தன்மை வேறு. கொடி கொம்பைத் தொற்றுகிறது. தீ ஒன்றிலிருந்து ஒன்றைத் தொற்றுகிறது. அச்சொல்லில் பகைமைக் குறிப்பு இல்லை. அண்மை மட்டுமே உண்டு. 2020ஆம் ஆண்டில் இவ்விரு சொற்களும் நம்மிடையே அருகருகே வழங்கின. ஆனால் மக்களின் செயல்களில் வெளிப்பட்டது பெரும்பாலும் முதற்சொல்லின் பொருளே எனலாம்.

இதற்குச் சான்றாக அரியலூர் மாவட்டத்தின் நிலையைக் காண்போம். கங்கைகொண்ட சோழபுரம் இம்மாவட்டத்தைச் சார்ந்தது. முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த இந்நகர், சோழப் பேரரசு 1279இல் முடியுமளவும் ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராய் விளங்கியது. இன்று அது கோயிலும் மாளிகைமேடும் சோழகங்கம் என்னும் பேரேரியும் எஞ்சி நிற்கும் சிற்றூர். சுற்றிலும் முந்திரியும் சோளமும் விளையும் புன்செய் நிலங்கள். மாவட்டத்தின் பிற பகுதிகளிற் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் உண்டு. நிலம் ஆண்டு முழுவதும் வேலை தருவதில்லை. ஆகவே இப்பகுதி மக்களுட் பலர் சென்னை சென்று சுமைப்பணி செய்து பிழைப்பர். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூருக்கு அண்மையில் மீன்சுருட்டி வழியே செல்கிறது. ஒருகாலத்து உலகமே நோக்கி வந்த தலைநகரின் மக்கள், மற்றொரு தலைநகரில் மூட்டை தூக்கச் செல்லும் வழி அது.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. 1996 முதல் இயங்கிவரும் சென்னைக் கோயம்பேட்டு மொத்த அங்காடி மட்டும், உணவுப்பொருள் இன்றியமையாதது ஆகலின், திறந்தே இருந்தது. அதனை வேறிடத்துக்கு மாற்றுவது பற்றி அரசுக்கும் வணிகர்க்கும் இடையே பேச்சு நீண்டது. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்தவுடன், அதற்கு முன்னாள் மக்கள் அங்காடியிற் பெருந்திரளாகக் கூடினர். பின்னர்த் தொற்று பெருகவே, மே 5ஆம் நாள் அங்காடி மூடப்பட்டு, காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. வேலையும் இருப்பிடமும் ஒருங்கே இழந்த சுமைப்பணியாளர் கிடைத்த வண்டிகளில் ஏறி அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலுள்ள தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். மே 6ஆம் நாள் தமிழகத்தில் புதிதாகத் தொற்றுக் கண்டறியப்பட்டோர் 771 பேர். அவருள் சென்னையைச் சார்ந்தவர் 324. அடுத்த இடம் அரியலூர், 188. 2011 கணக்கெடுப்பின்படி 7,54,894 மக்களே வாழும் சிறு மாவட்டம், பெருநகருக்கு அடுத்து நின்றது.

இங்கே மருத்துவர் வினாவும் ஊரார் வினாவும் பிரியும் இடத்தைக் காணலாம். கோயம்பேட்டுத் தொடர்பு என்று நலவாழ்வுத் துறை குறித்தது முறையே. அக்குறிப்பின்றேல் யாரைச் சோதிப்பது, யாரைத் தனித்து வைப்பது என்பது விளங்காது. ஆனால் அதே பெயர், அங்காடியைக் குறிப்பதை விடுத்து மனிதரைக் குறிக்கும் அடைமொழியாயிற்று. அங்காடியைத் திறந்து வைத்த முடிவு, மாற்றுவதில் நேர்ந்த தாழ்வு, திடுமென வந்த அறிவிப்பு ஆகியவை யாவும் பின்னே மறைந்தன. மூட்டை சுமந்தவன் நோயையும் சுமந்து வந்தான் என்ற எண்ணமே முன் நின்றது. தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் அதற்கு முன்னரே முள்வெட்டிப் போட்டு வழிகள் அடைக்கப்பட்டிருந்தன. அவன் இல்லாதபோது அடைக்கப்பட்ட வழி அவனுடைய சொந்த ஊரின் வழியே.

இதற்கு ஒரு திங்கள் முன்னர் மற்றொரு கூட்டத்தார் பழியேற்றனர். தில்லியில் நடந்த தப்லீக் மாநாட்டுக்குச் சென்று திரும்பியோரிடையே தொற்றுக் காணப்பட்டபோது, ஒரு சமயத்தார் முழுவதையும் குற்றவாளியாக்கும் பேச்சு நாடெங்கும் எழுந்தது. தமிழக நலவாழ்வுத் துறை ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே மாநாட்டின் பெயரை அறிக்கைகளில் விடுத்து, ஒரே மூலத்திலிருந்து பரவியது என்று பொருள்படும் தொடரை ஆளத் தொடங்கியது. ஆட்சிமொழி வரலாற்றை ஆராய்வோர் இச்சொல்மாற்றத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒரு பெயரை நீக்குதலும் நோய்த்தடுப்பின் பகுதியே என்பதை ஓர் அலுவலகம் உணர்ந்த இடம் அது. பின்னர் 2020 ஆகஸ்டு 21ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அம்மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டார்மேல் தொடரப்பட்ட வழக்குகளை நீக்கியபோது, அவர்கள் பலிகடாக்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்று கூறியது. பலி என்னும் அச்சொல் நம்மைச் சிலப்பதிகாரத்துக்கு அழைத்துச் செல்கிறது.

சிலப்பதிகாரத்தின் முகப்பில் பதிகத்தை அடுத்து நிற்கும் உரைபெறு கட்டுரை அளவிற் சிறியது. கோவலன் கொலைக்குப்பின் பாண்டியநாடு மழை வறந்து வறுமையுற்றது. வெப்புநோயும் குருவும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்குக் களவேள்வி செய்தான். மழை பெய்து நோயும் துன்பமும் நீங்கின. இது அதன் முதற்பகுதியின் கருத்து. குரு என்பது கொப்புளம். அம்மை போன்றதொரு நோய் எனலாம். காய்ச்சலும் கொப்புளமும் ஒரு நாடு முழுவதும் பரவிய நிலையைத் தமிழிற் குறிக்கும் பழைய உரைநடைச் சான்றுகளுள் இது தலையாயது.

இச்சிறு கட்டுரையை நம் அறிஞர் கூர்ந்து படித்ததில்லை என்று கூறமுடியாது. நூறாண்டுக்கு மேலாகப் படித்து வருகின்றனர். ஆனால் அவர் கண் தங்கிய இடம் வேறு. சில தொடர் தள்ளிக் கடல்சூழ் இலங்கைக் கயவாகு மன்னன் பெயர் வருகிறது. கனகசபைப் பிள்ளை 1904இல் வெளியிட்ட நூல் முதலாக, மகாவமிசத்துக் கயவாகுவின் காலத்தைக் கொண்டு செங்குட்டுவன் காலத்தையும், அதனைக் கொண்டு சங்ககாலத்தையும் கணிக்கும் முயற்சி நடந்தது. ஏற்போரும் மறுப்போரும் எழுதிய பக்கங்கள் பல. கயவாகு என்னும் ஒரு பெயருக்கு இத்துணை உழைப்பு. அதற்கு மேலே கிடந்த ஆயிரம் பிணங்கள் பற்றியோ மிகச் சில சொற்கள். காலம் கணிப்பது வேண்டத்தக்கதே. எனினும் ஒரு துறையின் கவனம் எங்கே தங்கியது, எங்கே தங்காது சென்றது என்பதும் ஆராயத்தக்க பொருளாம்.

அக்கொலை நிகழ்ச்சி காப்பியத்தினுள்ளே மற்றோரிடத்தும் பேசப்படுகிறது. வஞ்சிக்காண்டத்து நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனுக்குச் செய்தி கூறுகின்றான். அங்கும் வெற்றிவேற் செழியன் உண்டு, கொல்லர் உண்டு, ஈரைந்நூற்றுவர் என்று எண்ணும் அதுவே. ஆனால் அவ்விடத்து வெப்புநோயும் இல்லை, குருவும் இல்லை. அரசிழந்து மதுரை அலமந்த காலத்து, பத்தினிக்கு ஒரு பகலில் உயிர்ப்பலி ஊட்டிப் பின் அரசுகட்டில் ஏறினான் என்பதே செய்தி. நோய், கொலைக்குக் காரணமாக உரைபெறு கட்டுரையில்தான் நுழைகிறது. அக்கட்டுரை அடிகள் வாக்கன்று, பிற்காலத்தார் சேர்த்தது என்று கருதுவோர் உளர். அவர் கருத்து உண்மையாயின் நம் ஆய்வுக்கு அது வலிமையே தரும். முன்னொரு கையால் பழிவாங்கலாக எழுதப்பட்ட கொலையைப் பின்னொரு கை நோய்நீக்கமாக எழுதியது என்றாகும். இரண்டும் ஒருவர் வாக்கேயெனினும், ஒரே செயலுக்கு இருவகைக் காரணம் கூறப்பட்டுள்ளது என்னும் உண்மை மாறாது.

இனி, பழி இடம்பெயர்ந்த வகையை நோக்குக. வழக்குரை காதையில் பாண்டியன் நெடுஞ்செழியன், பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட தானே குற்றவாளி என்று ஒப்பி அரியணையில் வீழ்ந்து இறக்கின்றான். பொய் சொன்னவன் கொல்லன் ஒருவன். ஆராயாது கொல்லப் பணித்தவன் அரசன். காப்பியம் இவ்விருவருள் பெரும்பழியை அரசன்மேல் வைத்தது; அவனும் ஏற்றுக்கொண்டான். அறம் அங்கே நிறைவெய்திவிட்டது. ஆயினும் மழை பொய்த்து நோய் பரவியபோது அடுத்த அரசன் அப்பழியை அரியணையிலிருந்து இறக்கித் தொழிற்கூட்டம் ஒன்றன் தலைமேல் ஏற்றினான். ஒருவன் குற்றம் ஆயிரவர் குற்றமாயிற்று. ஆயிரவருக்கும் அவ்வொருவனுக்கும் உள்ள தொடர்பு தொழில் ஒன்றே. பெருந்துன்பக் காலத்துப் பொறுப்பு மேலிருந்து கீழாக இறங்கும் இயல்பினது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டுவதில்லை.

ஆயிரம் என்பது வரையறுத்த எண்ணன்று, களவேள்வி என்பது புறத்திணை மரபு, இவற்றை நிகழ்ச்சியாகக் கொள்ளற்க என்று கூறுவோர் உண்டு. ஏற்கலாம். ஆயிரவர் மாண்டனரா, பதின்மர் மாண்டனரா, ஒருவரும் மாளவில்லையா என்பது நம்மால் துணியத்தக்கதன்று. நாம் ஆராய்வது கட்டுரையின் காரணகாரியத் தொடர்பை. கொன்றான், நோய் நீங்கிற்று என்று அது எழுதுகிறது. எழுதியவர் அதனை நம்பினார். கேட்டவரும் நம்புவர் என எதிர்பார்த்தார். பிரெஞ்சு அறிஞர் இரெனே சிரார் 1982இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய எழுத்துகளை ஆராய்ந்தார். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் கியோம் தெ மாஷோ, யூதர் நீர்நிலைகளில் நஞ்சிட்டதாகவும் அவர் கொல்லப்பட்டதாகவும் பாடிய பகுதியை எடுத்துக்கொண்டு, கொன்றவர் பக்கம் நின்று எழுதப்பட்ட நூலில் கொலை மெய்யாகவும் குற்றம் பொய்யாகவும் இருக்கும் என்று காட்டினார். மாஷோ வாழ்ந்த காலத்தில், 1349 பிப்ரவரியில், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யூதர்கள் எரிக்கப்பட்டனர். இதற்கு மிக முற்பட்ட ஏதென்சு நகரக் கொள்ளைநோயை எழுதிய தூசிடிடீசும், பகைவர் நீர்த்தொட்டிகளில் நஞ்சிட்டனர் என்ற பேச்சு மக்களிடையே எழுந்ததைக் குறிக்கின்றார். ஆனால் அவர் அதனை ஊர்ப்பேச்சாகவே வைக்கின்றார்; காரணமாக ஏற்கவில்லை. நம் உரைபெறு கட்டுரை மாஷோவின் பக்கத்தில் நிற்கிறது என்று கூறுவது தமிழ்ப்பற்றுக்கு இழுக்காகாது.

ஆயின் அக்கட்டுரை அவ்வளவில் முடியவில்லை. பாண்டியன் செயலைக் கேட்ட கொங்கிளங்கோசர் தம் நாட்டில் கண்ணகிக்கு விழாவெடுத்தனர், மழை மாறாதாயிற்று. கயவாகு கோட்டமும் நாட்பலிப் பீடிகையும் அமைத்து ஆடித் திங்களில் விழாவெடுத்தான். நாடு விளைவு பிழையாதாயிற்று. சோழன் பெருங்கிள்ளி உறையூரில் பத்தினிக்கோட்டம் சமைத்து நாள்தோறும் விழா நிகழ்வித்தான். இம்மூவர் செயலிலும் கொலை பேசப்படவில்லை. அவர் பெற்ற பயனோ பாண்டியன் பெற்ற பயனிற் குறைந்ததன்று. கொல்லாமலே மழை வரும் என்பதைக் கட்டுரை தன் பிற்பகுதியால் தானே கூறிவிடுகிறது. கட்டுரையாசிரியர் இதனைக் கருதி எழுதினார் என்று சொல்லத் துணியவில்லை. கருதாது எழுதினாராயினும், நால்வர் செயலையும் வரிசைப்பட வைத்துப் படிப்பார்க்கு ஆயிரவர் கொலை வேண்டாக் கொலை என்பது விளங்காமற் போகாது. கயவாகுவிடம் சென்ற ஆராய்ச்சியாளர், அவன் காலத்தோடு அவன் செய்யாதுவிட்டதையும் கருதியிருக்கலாம்.

வெப்புநோய் மீண்டும் பெரிதாகப் பேசப்படும் இடம் பெரியபுராணம். இந்நூலுக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் நெருங்கிய உறவுண்டு. சேக்கிழார் அமைச்சராக இருந்தது இரண்டாம் குலோத்துங்கன் (1133-1150) ஆட்சியில் என்பர் அறிஞர்; அவ்வரசின் தலைநகர் இதுவே. அவர் பாடிய ஞானசம்பந்தர் வரலாற்றில் காய்ச்சல் இருமுறை வருகிறது. ஒருகால் மதுரையில் பாண்டியனுக்கு வந்தது. மற்றொருகால் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்க்கு வந்தது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்குவார் நூலின் உள்ளே ஒரு முரணைக் காண்பர்.

செங்குன்றூர் நிகழ்ச்சியில் பனிக்காலம் வந்தது. குளிர்காய்ச்சல் உடன்வந்த அடியாரைப் பற்றியது. இது இந்நிலத்தின் இயல்பு என்றனர். வந்தவர் நோய் கொணரவில்லை. வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டனர். இவ்வூரார் எமக்கு நோய் தந்தனர் என்று அடியார் கூறியிருக்கலாம். நோயுற்ற இவர் எம் ஊரில் தங்கற்க என்று ஊரார் கூறியிருக்கலாம். இரண்டும் நிகழவில்லை. சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார். அடியாரோடு அந்நாட்டாரும் நோய் நீங்கினர் என்று சேக்கிழார் முடிக்கின்றார். பதிகத்தில் காய்ச்சல் என்னும் பேச்சே இல்லை. வினை தீண்டாமை பற்றியே அது பேசுகிறது. அதன் முதற்பாட்டு, கேட்போரை முன்னிலையில் விளித்து, அவரையும் உளப்படுத்தி நாம் என்று கூறுவது இலக்கண நோக்கில் சிறப்புடையது. முன்னிலையாரை நீக்கும் பன்மையும் உளப்படுத்தும் பன்மையும் தமிழில் வெவ்வேறு. நோய்க்காலத்துப் பாட்டு உளப்படுத்தும் பன்மையைத் தேர்ந்துகொண்டது. சேக்கிழார் அந்த நாம் என்பதன் எல்லையை விரித்து நாடு முழுவதையும் அதனுள் அடக்கினார் என்று கொள்ளலாம்.

மதுரை நிகழ்ச்சி இதற்கு நேர்மாறு. மடத்துக்கு இட்ட தீயே பாண்டியனுக்கு வெப்பாயிற்று என்பது கதை. சமணர் தீர்க்க இயலாத வெப்பைச் சம்பந்தர் தீர்த்தார். பின் அனல்வாதமும் புனல்வாதமும் நடந்தன. தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர். இந்நிகழ்ச்சியின் வரலாற்றுண்மையை ஐயுறுவோர் பலர். அவ்வையம் நியாயமானது, ஆயினும் இங்கும் நம் வினா, நூல் எதனை எதனோடு தொடுத்தது என்பதே. பொதுமக்களைப் பற்றிய காய்ச்சல் ஒரு பாட்டோடு முடிந்தது. அரசனைப் பற்றிய காய்ச்சல் கழுமரத்தில் முடிந்தது. கொற்கையிலும் ஆயிரவரைக் கேட்டது அரசே. ஒரே புலவர், ஒரே வரலாற்றுக்குள், நோயின் இருவகை முடிவையும் வைத்துள்ளார். பக்திச் சுவையை மட்டும் நோக்கி இவற்றைத் தனித்தனியே படித்து வருவதால் இவ்வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை.

சோழர் ஆட்சியின் மற்றொரு முகத்தைக் கல்வெட்டு காட்டுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, வீரசோழன் என்னும் ஆதுலசாலையைக் குறிக்கிறது. படுக்கைகள் 15. மருத்துவர், அறுவை செய்வார், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர், நீரளிப்பார் எனப் பணியாளர் பலர்க்கும் கூலி வரையறுக்கப்பட்டுள்ளது. மருந்துகளின் பட்டியலும் உண்டு. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுவானையும் சேர்த்து நான்கு கூறு உரைத்தார். அந்நான்காம் கூற்றுக்கும் கூலி எழுதிய கல் இது. எனினும் அச்சாலை ஊரார் அனைவர்க்கும் உரியதன்று. கோயிற் பணியாளர்க்கும் அங்குப் பயின்ற மாணவர்க்கும் அமைந்தது. பேணுதலுக்கும் அந்நாளில் ஓர் எல்லை இருந்தது என்க. வள்ளுவர் நாடு என்னும் அதிகாரத்தில் பசியும் நீங்காப் பிணியும் பகையும் சேராதது நாடு என்றுரைத்து, அடுத்த குறளிலேயே பல குழுக்களையும் உட்பகையையும் விலக்குகின்றார். இவ்வைப்புமுறை தற்செயலானதா என்பதை உரையாசிரியர் ஆராயாது விட்டனர். பிணிக்கு அடுத்து உட்பகை நிற்பது 2020ஐக் கண்டவர்க்கு வியப்பளிக்காது.

நூல்வழக்கை விடுத்து மக்கள் வழக்குக்கு வருவோம். அம்மை என்னும் நோய்ப்பெயர் உலகமொழிகளிடையே தனித்தன்மை உடையது. நோய் தாயாயிற்று, கொப்புளம் முத்தாயிற்று, நோய் தணிதல் இறங்குதலாயிற்று, குணமடைந்தபின் குளிப்பாட்டுதல் தலைக்கு நீர் வார்த்தலாயிற்று. மாரியம்மன் தாலாட்டு நோயின் தெய்வத்தைத் தொட்டிலிட்டுப் பாடுகிறது. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவர்; அயலார் உட்புகார்; வீட்டார் பிற வீடு செல்லார். இவையனைத்தும் தனிமைப்படுத்தலே. ஆனால் உள்ளே கிடப்பவர் பழிக்கப்படுவதில்லை; தாய் தங்கிய உடம்பு என்று பேணப்படுவார். விழாவுக்குக் காப்புக் கட்டியபின் ஊரெல்லை கடவாமை என்னும் நெறியும் அத்தகையதே. அவ்வெல்லை ஊரிலுள்ளார் அனைவரையும் ஒருங்கே கட்டியது. ஒருவரைமட்டும் புறத்தே நிறுத்தவில்லை.

இவ்வழக்கைப் போற்றிப் பேசுவதில் ஒரு தடை உண்டு, அதனை மறைத்தல் கூடாது. பெரியம்மை பல தலைமுறைகளைக் கொன்றது. பிழைத்தவர் பலரைக் குருடாக்கியது. தாலாட்டு அதனைத் தணிக்கவில்லை. தடுப்பூசியே ஒழித்தது, இந்தியாவில் 1975க்குப்பின் பெரியம்மை இல்லை, 1980இல் உலகினின்றே நீங்கிற்று என்று அறிவிக்கப்பட்டது. அம்மனுக்கு அஞ்சி ஊசியை மறுத்த வீடுகளும் இருந்தன. ஆகவே வேப்பிலை மருத்துவத்துக்கு மாற்று என்று யாம் கூறவரவில்லை. நோயாளியை விலக்கும்போதே அவர் மதிப்பைக் குறைக்காத ஒரு குறியீட்டை மக்கள் கண்டிருந்தனர் என்பதே கருத்து. 2020இல் வாயிலில் வேப்பிலைக்கு மாறாக அரசின் ஒட்டுத்தாள் வந்தது. இரண்டும் உட்புகாதீர் என்றே கூறுகின்றன. முன்னதைக் கண்டவர் கைகூப்பி விலகினர். பின்னதைக் கண்டவர் அவ்வீட்டாரை அஞ்சி விலகினர். அத்தாள் ஒட்டுதல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரியின் ஆணையின்றிக் கூடாது என்று 2020 டிசம்பர் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் உரைத்தது.

அவ்வச்சம் இறந்தோரையும் விடவில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாது ஒரு கூட்டம் தடுத்துத் தாக்கியது. நோயாளரைப் பேணியவரே பழியேற்றார். ஒரு வாரத்துள், ஏப்ரல் 26ஆம் நாள், அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கி, 1939ஆம் ஆண்டுப் பொதுநலவாழ்வுச் சட்டத்தின் வழித் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. புறநானூறு தொட்டு ஈமக்கடனை அறமாகப் பாடிய மொழி வழங்கும் நாட்டில் அதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பது சமூகவியலார் குறித்துக்கொள்ள வேண்டியது.

இறுதியாக, உரைபெறு கட்டுரை கயவாகுவோடு இணைத்த இலங்கைக்கே செல்வோம். அங்குச் சிங்களரிடையே பத்தினித் தெய்வம் கொள்ளைநோய் தீர்ப்பவளாக இன்றும் வணங்கப்படுகிறாள். மட்டக்களப்புத் தமிழரிடையே கண்ணகியம்மன் சடங்கு வைகாசித் திங்களில் நடைபெறும். கண்ணகி வழக்குரை என்னும் நூல் கோயிலில் படிக்கப்படும். மதுரையை எரித்தவளின் சினம் அங்கே மீண்டும் கேட்போர் முன் எழுகிறது; பாண்டியன் தவறும் கொல்லன் பொய்யும் மீண்டும் சொல்லப்படுகின்றன. கொற்கையில் இதே சினத்தை ஆற்றுதற்கு ஆயிரவர் உயிர் வேண்டியிருந்தது. மட்டக்களப்பில் சடங்கின் முடிவு குளிர்த்தி. நீரும் வேப்பிலையுமே அதற்கு வேண்டும் பொருள்கள்.